நிறுத்த மட்டும் தெரிந்தவள்

என் மாமா கார் ஓட்டும்போது சம்மணம் போட்டு உட்காருவார். சொன்னால் யாரும் நம்புவதில்லை. வில்லியனூரிலிருந்து எங்கள் ஊருக்கு வரும் தார்ச்சாலை அந்த நாளில் பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். ஊருக்கு முன்னால் சாலை நேராகப் போகும் இடம் வந்ததும், டாஷ்போர்டில் இருக்கும் ஒரு கறுப்புக் குமிழை வெளியே இழுத்து ஒரு திருகு திருகுவார். கார் அதே வேகத்தில் தானாகப் போய்க்கொண்டிருக்கும். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு கால்களையும் மடக்கிச் சீட்டின்மேல் வைத்துக்கொண்டு, பந்தியில் இலைக்குக் காத்திருப்பவர் மாதிரி வசதியாக உட்கார்ந்துவிடுவார். எதிரே மாட்டு வண்டி வந்தால்தான் கால்கள் கீழே இறங்கும்.

மாமா என்றால் அம்மாவுக்கு அண்ணன். பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர். எங்கள் பக்கத்தில் இப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்பார்கள். மற்ற சொல்தாக்கள் திரும்பி வரும்போது சென்ட்டும் கோட்டும் கொண்டுவந்தார்கள். மாமா கப்பலில் ஒரு பழைய காரைக் கொண்டுவந்தார். ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கும். குளிர் நாட்டில் காலை நேரத்தில் என்ஜின் சூடேறும்வரை ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டே உட்கார்ந்திருக்க முடியாதாம். அதற்காகக் கையால் இழுத்துவிட அந்தக் குமிழை வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர் வெயிலில் எந்த என்ஜின் குளிரப் போகிறது? மாமா குமிழை வேறு காரியங்களுக்கு வைத்துக்கொண்டார்.

இப்போது என் மகன் காரில் இதே வித்தைக்கு ஸ்டியரிங்கிலேயே ஒரு பொத்தான் இருக்கிறது. க்ரூஸ் கன்ட்ரோல் என்கிறான். "பிரேக்கை லேசா தொட்டாலே போதும்மா, ஆஃப் ஆயிடும்" என்று எனக்கே பாடம் எடுக்கிறான். மாமாவின் குமிழ் அவ்வளவு பணிவானது இல்லை. பிரேக்கை மிதித்தால் கார் நிற்கப் பார்க்கும், குமிழ் ஓடு என்று சொல்லும், இரண்டும் மல்லுக்கட்டி வண்டி உதறும். முதலில் குமிழைத் திருகி உள்ளே தள்ள வேண்டும். பிறகு கிளட்ச். பிறகு பிரேக். கடைசியில் சாவி. இந்த வரிசையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஏனென்றால் மாமா எனக்குக் கற்றுக்கொடுத்தது இது ஒன்றுதான்.

எனக்குக் கார் ஓட்ட ஆசை. எதற்கு என்று கேட்பவர்கள்மேல் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். ஆம்பளைப் பிள்ளை ஆசைப்பட்டால் எவனும் எதற்கு என்று கேட்பதில்லை. அந்த வருஷம் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவசு காலத்தில் கோயிலில் தாலி கட்ட மாட்டார்கள் என்பதால் ஈஸ்டர் முடிந்ததும் என்று பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை வீடு திண்டிவனத்துக்கு அந்தப் பக்கம். வீடு முழுக்க ஆண்கள், அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரு சைக்கிள். ஈஸ்டருக்குள் ஓட்டினால் உண்டு, இல்லாவிட்டால் இந்த ஆயுசில் ஸ்டியரிங்கைத் தொடப்போவதில்லை என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. அதனால் மாமாவை விடாமல் நச்சரித்தேன்.

மாமா முடியாது என்று சொல்லவில்லை. அதுதான் அவருடைய சாமர்த்தியம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், புங்கமரத்தடியில் நிற்கும் காரில் என்னை ஸ்டியரிங்குக்கு நேராக உட்காரவைத்தார்.

"மொதல்ல நிறுத்தக் கத்துக்க. ஓட்டுறது இன்னா பெரிய வித்தை? எவன் வேணா ஓட்டுவான். நிறுத்தத் தெரிஞ்சவன்தான் ட்ரைவரு."

என்ஜின் ஓடாது. சாவி அவர் சட்டைப்பையில் இருக்கும். நான் நிற்கும் காரை நிறுத்துவேன். குமிழ், கிளட்ச், பிரேக், இல்லாத சாவி. "வேகமா செய்யி" என்பார். வேகமாகச் செய்வேன். "கண்ண மூடிக்கினு செய்யி" என்பார். கண்ணை மூடிக்கொண்டும் செய்வேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அதேதான். ஹாரன் எங்கே இருக்கிறது என்று கேட்டதற்கு, "அது நிறுத்துறதுல சேராது" என்று சொல்லிவிட்டார்.

ஒரு நாள் அம்மாவிடம் அவர் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "கல்யாணம் ஆவுற வரிக்கும் பொண்ணுக்கு ஒரு பொழுதுபோக்கு வேணாமா? அதான் ஒக்கார வெச்சி வேடிக்க காட்டிக்கினு கீறேன்." அம்மாவும் சிரித்தாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆனாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்தேன். ஓடாத காராக இருந்தாலும் ஸ்டியரிங் ஸ்டியரிங்தானே.

அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமாவின் மனைவி. அவளுக்கு அந்தக் காரில் பின் சீட்டுதான். முன் சீட்டில் மாமாவின் பட்டாளத் தொப்பி உட்கார்ந்து வரும். தொப்பி நசுங்கிவிடுமாம். கார் கப்பலில் வந்த நாளிலிருந்து அத்தை அந்தத் தொப்பியின் பின்னந்தலையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள். அதற்கெல்லாம் அவள் சண்டை போட்டதில்லை. அவளுடைய சண்டை எல்லாம் சிகரெட்டோடுதான். மாமா இருமினால் வீட்டில் பாத்திரம் உருளும். அந்த வருஷம் தவசு காலம் தொடங்கும் விபூதிப் புதன் அன்று, நெற்றிச் சாம்பல் உதிரும் முன்பே, அந்தோணியார் படத்துக்கு முன்னால் அவரை நிறுத்திச் சத்தியம் வாங்கினாள். சிகரெட் என்ற வார்த்தையை அந்தோணியார் காதில் போட அவளுக்கு மனம் வரவில்லை. அதனால் இப்படிச் சொல்லச் சொன்னாள்: "ஈஸ்டர் வரிக்கும் பாய் கடையில நிக்க மாட்டேன்." மாமாவும் பட்டாளத்துக்காரர் மாதிரி விறைப்பாக நின்று சொன்னார்.

பாய் கடை, கோயிலுக்குப் போகும் வழியில் இருந்தது. வெற்றிலை, பாக்கு, சோடா, சிகரெட், சின்னப் பிள்ளைகளுக்கு மிட்டாய் எல்லாம் அங்கேதான். அத்தை அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பார்த்தாள். சொல்தா கார் கடையில் நிற்பதே இல்லை, அது பாட்டுக்குப் போகிறது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அத்தைக்குப் பெருமை பிடிபடவில்லை. அவருக்காக ஒரு கட்டு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாள்.

அது உளுந்து பிடுங்கும் காலம். மாமாவுக்கு வாய்க்கால் ஓரமாகக் கொஞ்சம் நஞ்சை இருந்தது. நெல் அறுத்த தாளடியில் விளைந்த உளுந்துச் செடியை வேரோடு பிடுங்கி, வீட்டுக்குப் பின்னால் இருந்த களத்தில் காயப்போட்டு, மாடுகளை வட்டமாக நடக்கவிட்டு மிதிக்க வைப்பார்கள். அந்த வெள்ளிக்கிழமை மாட்டுக்காரர் வரவில்லை. ஒதியம்பட்டில் யாரோ முந்திக்கொண்டார்கள் என்று தகவல் வந்தது. செடி காய்ந்து சலசலவென்று இருந்தது. பிடுங்க வந்த இரண்டு பெண்களும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

"மாடு இன்னாத்துக்கு?" என்றார் மாமா. "வூட்ல காரு கீதுல்ல?"

எங்கள் ஊரில் இது ஒன்றும் பைத்தியக்காரத்தனம் இல்லை. எள்ளையும் கொள்ளையும் தார்ச்சாலையில் பரப்பி, போகிற வருகிற பஸ்ஸை மிதிக்கவிடுவது எல்லோரும் செய்வதுதான். மாமா காரையே களத்துக்குள் கொண்டுவந்தார். கூளம் உள்ளே வராதபடி கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிக்கொண்டார். முதல் கியரில் போட்டு, குமிழை மாட்டு நடைக்கு இழுத்துத் திருகிவிட்டு வட்டமடிக்க ஆரம்பித்தார். உண்மையிலேயே அழகாக மிதித்தது. நெற்றுகள் படபடவென்று வெடித்தன. பெண்கள் இருவரும் கவைக்கோலால் செடியைப் புரட்டிப் போட்டுக்கொண்டே சிரித்தார்கள். நானும் அத்தையும் வேப்பமரத்து நிழலில் நின்று பார்த்தோம்.

சுற்றிச் சுற்றி வந்ததில் மாமாவுக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது. முகம் வெளுத்துப்போய்க் கண்ணாடிக்குள்ளிருந்து எங்களைப் பார்த்தார். வேறு யாராக இருந்தாலும் காரை நிறுத்தியிருப்பார்கள். நிறுத்தினால் தலை சுற்றியது தெரிந்துவிடுமே. அதனால் ஒரு காரியம் செய்தார். ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்துவைத்து, தோள் துண்டால் அதைச் சீட்டுக்கம்பியோடு இறுக்கிக் கட்டினார். பிறகு கதவைத் திறந்து, டவுன் பஸ்ஸிலிருந்து இறங்குவது போல ஓர் எட்டு எடுத்துவைத்து இறங்கினார். கார் அவர் இல்லாமலேயே வட்டமடித்தது.

"பாருங்கடி!" என்றார் இரண்டு கைகளையும் விரித்து. "மாடும் வேணாம், ஆளும் வேணாம்!"

பெண்கள் வாயைப் பிளந்தார்கள். நானும்தான் பிளந்தேன், மறைப்பானேன்? அத்தை மட்டும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

இறங்கும்போது மாமா தன் வழக்கப்படி கதவின் உள்பொத்தானை அமுக்கிவிட்டு அடித்துச் சாத்தியிருந்தார். தெருப் பிள்ளைகள் ஏறி உட்கார்ந்து விளையாடுவார்கள் என்று எப்போதும் அப்படித்தான் செய்வார். அவர் கை அவரைக் கேட்காமலே செய்துவிட்டது. மற்றக் கதவுகள் முன்பே பூட்டியிருந்தன. சாவி உள்ளே தொங்கியது. கார் இரண்டு வட்டம் அடித்த பிறகு மாமா போய்க் கைப்பிடியை இழுத்தார். மறுபடி இழுத்தார். அப்புறம் எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்காமலே கூடவே நடந்தார். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அதைச் சொல்லி இவ்வளவு நல்ல காட்சியை யாராவது கெடுப்பார்களா?

"இன்னா ஆச்சி?" என்றாள் அத்தை.

"ஒண்ணும் ஆவல. ஓடட்டும்."

உளுந்து அளவாக மிதிபட்டால்தான் உளுந்து. அதற்கு மேல் மிதித்தால் உடைந்துபோகும். அன்றைக்குப் பாதிக்கு மேல் பருப்பாகிப்போய், அந்தத் தவசு காலம் முழுக்க எங்கள் இரண்டு வீட்டிலும் வடைதான். ஒரு பெண் அப்போதே கத்தினாள்: "உளுந்து நொறுங்குதுங்க, வண்டிய நிறுத்துங்க!" கண்ணாடியை உடைக்கலாமா என்று அத்தை கேட்டாள். பிரான்ஸ் கண்ணாடி, இங்கே கிடைக்காது என்று மாமா ஓடிக்கொண்டே கத்தினார்.

பெரிய கண்ணாடிக்கு முன்னால் காற்றுக்காக முக்கோணமாக ஒரு குட்டிக் கண்ணாடி இருக்கும். அது மட்டும் கொஞ்சம் திறந்திருந்தது. இந்தத் தூசியில் அதை ஏன் திறந்துவைத்தார் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. மாமா அதன் வழியாகக் கையை விட்டு உள்பொத்தானைத் தூக்கப் பார்த்தார். பட்டாளத்துக் கை, உலக்கை மாதிரி இருக்கும். முழங்கைவரை போனது. அதற்கு மேலும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. வாட்ச் உள்ளே எதிலோ மாட்டிக்கொண்டது. கார் நிற்காது. மாமா அதோடு சேர்ந்து ஓடினார். பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு மணவறையைச் சுற்றும் மாப்பிள்ளை மாதிரி, வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, உள்வட்டத்தில் லொங்கு லொங்கென்று ஓடினார். கவைக்கோல் பிடித்திருந்த பெண்களில் ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் உளுந்துச் செடிமேலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு வயிறு வலித்தது.

அத்தை அடுப்படிக்கு ஓடி விளக்கெண்ணெய்ப் போத்தலோடு வந்தாள். காரோடும் மாமாவோடும் சேர்ந்து ஓடிக்கொண்டே அவர் கையில் எண்ணெயை ஊற்றினாள். பாதி கையிலும் பாதி வேட்டியிலும் விழுந்தது. வாட்ச் வார் அறுந்து உள்ளே விழுந்ததும் கை வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. மாமா களத்து ஓரத்தில் தொப்பென்று உட்கார்ந்தார்.

நான் அவர் எதிரே போய் நின்றேன்.

"மாமா, நான் ஏறி நிறுத்தட்டுமா?"

"நீயா? ஒனக்கு ஓட்டத் தெரியாதேடி."

"நிறுத்தத் தெரியுமே. நீங்கதானே கத்துக் குடுத்தீங்க?"

மாமாவுக்கு இன்னும் மூச்சு வாங்கியது. நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினேன். என் கை அப்போது குச்சி மாதிரி இருக்கும். கல்யாணப் பெண் என்று அம்மா போட்டுவிட்டிருந்த கண்ணாடி வளையல்களில் இரண்டு நொறுங்கின. கை தோள்வரை உள்ளே போனது. பொத்தானைத் தூக்கினேன், கதவைத் திறந்தேன், ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

ஓடுகிற காரில் ஸ்டியரிங்குக்கு நேராக உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. சீட்டு அடியில் அதிர்ந்தது. என் கை குமிழில் இருந்தது. குமிழ், கிளட்ச், பிரேக், சாவி. எல்லாம் விரல் நுனியில் இருந்தது. ஆனால் அப்போதுதான் ஒன்று உறைத்தது. நிறுத்திவிட்டால் மறுபடி கிளப்ப எனக்குத் தெரியாது. கிளப்புவதை மாமா சொல்லிக்கொடுக்கவே இல்லை, இனி சொல்லிக்கொடுக்கப் போவதும் இல்லை. இந்தக் குமிழை உள்ளே தள்ளினால் என் கார் ஓட்டும் வாழ்க்கை இங்கேயே முடிந்தது. அதன் பிறகு திண்டிவனம்தான், அந்த ஒற்றைச் சைக்கிள்தான்.

நான் குமிழிலிருந்து கையை எடுத்தேன். துண்டை அவிழ்த்தேன். அடுத்த வட்டத்தில் களத்து வேலியின் திறப்பு நேராக வந்ததும் ஸ்டியரிங்கை நிமிர்த்தினேன். கார் சமர்த்தாக வண்டிப்பாதையில் இறங்கியது.

பின்னால் ஒரே கூச்சல். "நிறுத்துடி! நிறுத்து!" என்று மாமா கத்துகிறார். அத்தைதான் முதலில் பிடித்தாள். மாட்டு நடையில் போகும் காரைப் பிடிப்பது கஷ்டமா? வலது பக்கமாக ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினாள். நான் எட்டி அந்தக் கதவின் பொத்தானைத் தூக்கினேன். திட்டிக்கொண்டே ஏறினாள். தொப்பியைத் தூக்கிப் பின்னால் போட்டுவிட்டு முன் சீட்டில் உட்கார்ந்தாள்.

"பைத்தியம் புடிச்சிடுச்சாடி ஒனக்கு? கல்யாணம் ஆவப்போற பொண்ணு! நிறுத்துடி மொதல்ல!"

"நிறுத்தினா கெளப்பத் தெரியாது அத்த. நடுரோட்டுலயே கெடக்கணும்."

அத்தை மூக்கைச் சுளித்தாள். "இன்னாடி இது நாத்தம்?"

"பெட்ரோலு" என்று பக்கவாட்டிலிருந்து பதில் வந்தது. மாமா வந்து சேர்ந்துவிட்டார். ஓடத் தேவையில்லாமல், வேக நடையில் என் பக்கத்துக் கண்ணாடியை ஒட்டியே வந்தார். வேட்டியெல்லாம் விளக்கெண்ணெய். "கொமிழத் தள்ளுடி" என்று கெஞ்சினார், மிரட்டினார், மறுபடி கெஞ்சினார். ஏறலாம் என்றால் பின் கதவுகளை நான் திறந்துவிடவில்லை. மறந்துபோய்விட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டிப்பாதை முடிந்து கோயில் தெருவுக்குத் திரும்பினோம். திருப்பும்போது ஒரு வாழைக்கன்று போயிற்று. மற்றபடி சேதம் இல்லை. எனக்கு இருந்த சந்தோஷத்தில் பாடலாம் போலிருந்தது, தவசு காலம் என்பதால் வாயை மூடிக்கொண்டேன். அத்தை நிறுத்து நிறுத்து என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆனால் சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். முன்னால் உட்கார்ந்தால் தெரு இவ்வளவு அகலமா என்று கேட்டதுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது.

பாய் கடை வந்தது. கடை இடது பக்கம், ஸ்டியரிங்கும் இடது பக்கம். மாட்டு நடையில் வரும் கார்ச் சத்தம் கேட்டு, பாய் தராசை வைத்துவிட்டு வெளியே வந்தார். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, யார் என்றுகூடப் பார்க்காமல் காரோடு நாலடி நடந்தார். திறந்திருந்த அந்த முக்கோணக் கண்ணாடி வழியாக ஒரு சிகரெட் பாக்கெட்டையும் தீப்பெட்டியையும் உள்ளே போட்டார். இரண்டும் என் மடியில் விழுந்தன. பின்னால் வந்த மாமா இரண்டு கைகளையும் தலைக்குமேல் ஆட்டி வேண்டாம் வேண்டாம் என்று காட்டியதை அவர் கவனிக்கவே இல்லை. ஒரு சலாம் வைத்துவிட்டு உள்ளே திரும்பிப் போய்விட்டார். தினமும் செய்து பழகிய கை.

அத்தை என் மடியைப் பார்த்தாள். குமிழைப் பார்த்தாள். மாமா கழற்றிப் போட்டிருந்த செருப்புக்குப் பக்கத்தில் கிடந்த சாம்பலைப் பார்த்தாள். அந்தோணியார் முன்னால் என்ன சத்தியம் வாங்கினோம் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்திருப்பாள். அவர் கடையில் நிற்கவில்லைதான். ஒரு நாள்கூட நிற்கவில்லை.

"மெழுகுவத்தி நேந்துகிட்டேன்டி அந்த மனுசனுக்கு" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. பாக்கெட்டை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். கண்ணாடிக்கு வெளியே மாமா கையைக் கூப்பிக்கொண்டு நடந்து வந்தார்.

"நிறுத்தட்டுமா அத்த?"

"நிறுத்தாத. போ."

போனேன். ஆனால் தெரு எவ்வளவு தூரம் போகும்? கோயில் வளாகத்தில் போய் முடிந்தது. வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்கு ஊர்ப் பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டு கூடியிருந்தார்கள். கார் வருவதைப் பார்த்து இரண்டு பக்கமும் விலகினார்கள். நேர் எதிரே, மாதா சிலை வைத்துக் குகை மாதிரி கட்டிய கெபி. அதற்கு முன்னால் பூந்தொட்டிகள். வலது பக்கமும் ஆள், இடது பக்கமும் ஆள். ஹாரன் எங்கே என்று தெரியாது. இன்னும் கொஞ்ச தூரம் இருந்தது, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பயத்தில் இல்லை. முடியப் போகிறதே என்றுதான்.

குமிழ். கிளட்ச். பிரேக். சாவி.

தொட்டிக்கு ஒரு முழம் முன்னால், ஒரு குலுங்கல்கூட இல்லாமல் கார் நின்றது. கண்ணை மூடிக்கொண்டு செய்து பழகியது வீண் போகவில்லை.

பெண்கள் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். "நம்ம பொண்ணா ஓட்டிக்கினு வந்துது?" என்று ஒரே ஆச்சரியம். பங்குச் சாமியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து காரையும் தொட்டியையும் பார்த்தார். "எவ்ளோ கச்சிதமா நிறுத்திருக்கு! யாருமா ஒனக்குக் கத்துக் குடுத்தது?"

மூச்சு வாங்க வந்து நின்ற மாமாவைப் பார்த்தேன். அத்தையும் இறங்காமலே அவரைப் பார்த்தாள். முந்தானை முடிச்சை லேசாகத் தடவிக்கொடுத்தாள். ஆனால் அதற்குத் தேவையே இருக்கவில்லை. இத்தனை பேர் பாராட்டும்போது அதை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க மாமாவால் முடியாது.

"நான்தான் சாமி" என்றார் நெஞ்சை நிமிர்த்தி. "வாராவாரம் ஒக்கார வெச்சி சொல்லிக் குடுத்தேன். சும்மாவா? நான் கூடவே நடந்து வந்து பாத்துக்கினேன்."

"அப்படியா? திரும்பவும் ஓட்டிக்கினு போவட்டும், பாக்கலாம்" என்றார் சாமியார். பெண்களும் பூந்தொட்டிகளை நகர்த்தி வழிவிட்டு, "ஓட்டுடி, ஓட்டுடி" என்றார்கள்.

மாமாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! எனக்குக் கிளப்பத் தெரியாது என்பது அந்தக் கூட்டத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். மாமா அவசரமாக முன் சீட்டுப் பக்கம் போனார். அத்தை நகரவில்லை. அவர் கைப்பிடியைத் தொட்டார். அத்தை நேராகக் கெபியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவரே பின் கதவைத் தட்டினார். நான் பொத்தானைத் தூக்கிவிட்டேன். தன் தொப்பிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

வெளியே சாமியாருக்குப் பல்லைக் காட்டிக்கொண்டே, உதடு அசையாமல் என் பிடரியில் பேசினார். "கிளட்ச்ச முழுசா அமுக்கு. சாவியத் திருப்பு. இப்ப வலது கால லேசா வெய்யி. கிளட்ச்ச வுடு. மெதுவா. மெதுவா. மெதுவாடி!"

கார் ஒரு குதி குதித்து அடங்கிப்போனது. கூட்டம் சிரித்தது. மாமாவும் கூடவே சிரித்துவிட்டு, "வெயில்ல என்ஜின் சூடாயிடுச்சி" என்றார் வெளியே. உள்ளே, "அழுவாத. மறுபடி செய்யி. காலு ஒனக்கு நல்லாத்தான் வருது" என்றார். அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. யாருக்கும் கேட்காதபடிதான் சொன்னார்.

மறுபடி அமுக்கினேன். மெதுவாக விட்டேன். என்ஜின் உறுமியது, நின்றிருந்த கார் என் காலுக்குக் கட்டுப்பட்டு நகர்ந்தது. பெண்கள் கைதட்டினார்கள். கெபியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து தெருவுக்குத் திரும்பினேன். திரும்பியதும், போதும், இனி தானாகப் போகட்டும் என்று என் கை பழக்கத்தில் குமிழுக்குப் போனது. பின்னாலிருந்து ஒரு விளக்கெண்ணெய்க் கை நீண்டு என் மணிக்கட்டைப் பிடித்தது.

"கொமிழத் தொடாத" என்றார் மாமா. "கால்ல ஓட்டு."